மறுப்பும் கடைசி வார்த்தையும்

(வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடவுளின் கிருபையை மனிதன் எதிர்த்து நிற்க முடியுமா, கால்வினியம் இதற்கு என்ன பதில் சொல்கிறது என்பதுதான் இன்றைய தலைப்பு. தலைப்பைக் கேட்டவுடனேயே பாதிப் பேர் மனத்துக்குள் பதில் சொல்லியிருப்பீர்கள். "முடியாது. எதிர்க்க முடியாத கிருபை என்றுதானே அந்தக் கோட்பாட்டுக்கே பெயர்?" அப்படியானால் நான் இத்தோடு உட்கார்ந்துவிடலாம். ஆனால் 1619இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கால்வினியத்தார் கூடி எழுதிய தீர்மானங்களைப் புரட்டிப் பாருங்கள். மனிதன் கிருபையை எதிர்க்கிறான் என்பதைத்தான் அவை விடாமல் சொல்கின்றன. அவனை அவன் போக்கில் விட்டால் எதிர்ப்பதைத் தவிர வேறொன்றும் செய்யமாட்டான் என்கின்றன. சுவிசேஷத்தைக் கேட்டும் வராதவர்களின் குற்றம் சுவிசேஷத்திலும் இல்லை, அழைக்கிற கடவுளிடமும் இல்லை, அவர்களிடமே இருக்கிறது என்றும் அடித்துச் சொல்கின்றன.

ஆகவே மனிதன் மறுக்கிறானா என்பதில் கால்வினியத்தாருக்கும் அவர்களின் எதிர்த் தரப்புக்கும் தகராறே கிடையாது. மறுக்கிறான், தினமும் மறுக்கிறான். அந்த மறுப்புதான் கடைசி வார்த்தையா என்பதில்தான் தகராறு. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் வழிக்கு வந்துவிடும். வராதது ஒன்று உண்டு. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அது கால்வினியத்தார் விரும்பி வைத்துக்கொண்ட பெயரன்று. ஜேகபஸ் ஆர்மீனியஸ் என்ற டச்சுப் போதகர் 1603இல் லெய்டன் பல்கலைக்கழகத்தில் இறையியல் பேராசிரியர் ஆனார். அவருடைய வாழ்க்கையே ஒரு துயரக் கதை. 1575இல் ஸ்பானியப் படை அவருடைய சொந்த ஊரான அவுடவாட்டரைச் சூறையாடியபோது தாயையும் உடன்பிறந்தவர்களையும் பறிகொடுத்தவர். லெய்டனில் அவருடைய சக பேராசிரியர் ஃபிரான்சிஸ்கஸ் கோமாரஸ். யார் மீட்படைவார் என்பதைக் கடவுள் முன்னரே குறிக்கிறார் என்கிற முன்குறித்தல் விஷயத்தில் இருவருக்கும் ஒத்துப்போகவே இல்லை. வாதம் வகுப்பறையில் தொடங்கி, பிரசங்க மேடைக்குப் போய், கடைசியில் அரசாங்கத்தின் வாசலில் வந்து நின்றது.

1609இல் ஆர்மீனியஸ் இறந்துபோனார். அடுத்த ஆண்டு அவருடைய கருத்தை ஏற்ற நாற்பதுக்கும் மேற்பட்ட போதகர்கள் ஹாலந்து அரசுமன்றத்திடம் ஐந்து அம்ச முறையீடு ஒன்றைக் கொடுத்தார்கள். அதை வரைந்தவர் யோஹானஸ் உய்ட்டன்போகார்ட். நமக்கு வேண்டியது நான்காவது அம்சம். அதன் முதல் பாதியைப் படித்தால் கால்வினே எழுதியதோ என்று தோன்றும். மனிதன் செய்யும் எந்த நன்மைக்கும் கிருபைதான் தொடக்கம், அதுவேதான் தொடர்ச்சி, முடிவும் அதுவேதான், அது இல்லாமல் நல்லதை நினைக்கக்கூட முடியாது என்கிறது. இதைப் படிக்காமலேயே ஆர்மீனியரை, கிருபையைவிட மனித முயற்சியை நம்பிய பெலாஜியஸின் பேரப்பிள்ளைகள் என்று வசை பாடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிற்பாதியில்தான் திருப்பம் வருகிறது. கிருபை செயல்படும் விதத்தைப் பொறுத்தவரை அது எதிர்க்க முடியாததன்று என்று சொல்லி, ஸ்தேவான் தன்னைக் கல்லெறியப்போகும் கூட்டத்தைப் பார்த்து, நீங்களும் உங்கள் முன்னோரைப் போலவே பரிசுத்த ஆவியை எப்போதும் எதிர்க்கிறீர்கள் என்று கடிந்துகொண்டதைச் சான்று காட்டுகிறது. மறுத்துச் சொல்வதற்காக எதிர்த் தரப்பு எடுத்த சொல்லே பின்னால் கால்வினியத்தின் பெயர்ப்பலகை ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் ஐந்து கோட்பாடுகளின் முதலெழுத்துகளைக் கோத்து டியூலிப் என்று பூப் பெயர் வைத்ததெல்லாம் 20ஆம் நூற்றாண்டின் வேலை. டோர்ட்டில் கூடியவர்களுக்கு அந்தப் பூ தோட்டத்தில் மட்டும்தான் இருந்தது.

டோர்ட் மாமன்றம் 1618 நவம்பர் 13 அன்று கூடியது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, ஜெனீவா, சுவிஸ் நகரங்கள், பாலட்டினேட், ஹெஸ், பிரெமன் என்று பல இடங்களிலிருந்து பிரதிநிதிகள் வந்தார்கள். விவாதம் முழுவதும் லத்தீனில் நடந்தது. பிரெஞ்சு அரசர் தம் நாட்டுச் சீர்திருத்தச் சபையார் போகக்கூடாது என்று தடுத்துவிட்டார். அவர்களுக்கென்று ஒதுக்கிய இருக்கைகளைக் காலியாகவே வைத்திருந்தார்கள். முறையீட்டுத் தரப்பார் டிசம்பரில் வந்து சேர்ந்தபோது, கூடத்தின் நடுவே போட்டிருந்த மேசையருகே உட்காரவைக்கப்பட்டார்கள். அவர்கள் விவாதிக்க வந்ததாக நினைத்தார்கள். மன்றமோ அவர்களை விசாரிக்கத்தான் அழைத்திருந்தது. அவர்களின் தலைவர் சைமன் எபிஸ்கோபியஸ் நல்ல பேச்சாளர், விட்டுக்கொடுக்காதவர். எதை முதலில் பேசுவது, யார் விதிப்படி பேசுவது என்பதிலேயே வாரங்கள் போயின. 1619 ஜனவரி 14 அன்று மன்றத் தலைவர் போகர்மன் பொறுமை இழந்து, சத்தம் போட்டு அவர்களை வெளியேற்றினார். பிறகு அவர்கள் எழுதிவைத்திருந்ததை வைத்தே தீர்ப்பு எழுதப்பட்டது.

இது இறையியல் சண்டை மட்டுமாக இருந்திருந்தால் பரவாயில்லை. முறையீட்டாருக்கு ஆதரவாக இருந்த அரசியல் தலைவர் யோஹான் வான் ஓல்டன்பார்னவெல்ட், மறுதரப்பின் பக்கம் நின்ற இளவரசர் மாரிஸின் எதிரி. மன்றத்தின் சர்வதேச அமர்வுகள் மே மாதம் 9ஆம் தேதி முடிந்தன. நான்கே நாளில், மே 13 அன்று, 71 வயதான அவருடைய தலை திஹேக் நகரில் வெட்டப்பட்டது. அவர் தரப்பில் இருந்த, சர்வதேசச் சட்டத்தின் முன்னோடி என்று நாம் படிக்கிற ஹியூகோ குரோஷியஸுக்கு ஆயுள் சிறை. 1621இல் அவருடைய மனைவி அவரைப் புத்தகப் பெட்டிக்குள் ஒளித்து வெளியே அனுப்பியது தனிக் கதை. சுமார் 200 போதகர்கள் பதவி இழந்தார்கள். கிருபை யாரையும் வலுக்கட்டாயப்படுத்தாது என்று எழுதிய சபை, எழுதிய மை உலரும் முன் வலுக்கட்டாயத்தில் இறங்கியது. கால்வினிய நண்பர்கள் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடுவது வழக்கம். நான் அப்படிக் கடக்க விரும்பவில்லை. ஆனாலும் எழுதியவர்களின் நடத்தையை வைத்து எழுத்தைத் தள்ளிவிடவும் முடியாது. எழுத்தைப் பார்ப்போம்.

இடையில் ஒரு சிறு தகவல். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய டச்சுக்காரர்களுடன் வந்த போதகர்கள் இந்த டோர்ட் தீர்மானங்களைத் தன் விசுவாச அறிக்கையாக ஏற்ற சபையைச் சேர்ந்தவர்கள். பிலிப்பஸ் பால்டேயஸ் அவர்களில் ஒருவர். ஆக, தமிழ் மண்ணுக்கு இந்த விவாதம் முற்றிலும் அயலானதன்று.

தீர்மானங்கள் சொல்வதை என் சொற்களில் சொல்கிறேன். மனிதன் பாவத்தால் மனிதத்தன்மையை இழந்துவிடவில்லை. அறிவு இருக்கிறது, சித்தம் இருக்கிறது. ஆனால் அந்தச் சித்தம் கடவுளை விரும்பாது. விரும்பாத சித்தத்துக்கு முன்னால் எவ்வளவு அழகாகப் பேசினாலும், எவ்வளவு நியாயம் காட்டினாலும் பலனில்லை. வெளியிலிருந்து வருகிற அறிவுரை மட்டும் போதாது. எனவே மறுபிறப்பு என்பது கடவுள் உள்ளே செய்கிற வேலை. படைப்புக்கும், மரித்தவரை எழுப்புவதற்கும் ஒப்பான வேலை. இவ்வளவு தூரம் கடுமையாகச் சொல்லிவிட்டு, அடுத்து ஒரு வேலி போடுகிறார்கள். இந்தக் கிருபை மனிதரை மரக்கட்டையைப் போலவும் கல்லைப் போலவும் நடத்துவதில்லை, சித்தத்தை அழிப்பதில்லை, அதன் கழுத்தைப் பிடித்து நெட்டித் தள்ளுவதில்லை. அதற்கு உயிர் கொடுக்கிறது, நோய் தீர்க்கிறது, இனிமையாகவும் வல்லமையாகவும் வளைக்கிறது. மறுத்துக்கொண்டிருந்தவனே விரும்பத் தொடங்குகிறான், விரும்பி வருகிறான். 1640களில் லண்டனில் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையும் இதையே வழிமொழிகிறது. அப்படி வருகிறவன் முழு சுதந்திரத்தோடு வருகிறான், ஏனென்றால் அவனை விரும்பச் செய்ததே கிருபைதான்.

இது சொற்சிலம்பம் என்று தோன்றலாம். விருப்பத்தையே மாற்றிவிட்டு, பார், அவனே விரும்பி வந்தான் என்று சொன்னால் அது எப்படிச் சுதந்திரம் ஆகும்? நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தேட நாம் கால்வினுக்கும் ஆயிரத்து நூறு ஆண்டுகள் முன்னால் போக வேண்டும். கால்வினே தம் வாதத்தின் பெரும்பகுதியை ஆதித் திருச்சபையின் ஆசான் அகஸ்டினிடமிருந்துதான் எடுத்தார். அதை மறைத்ததுமில்லை.

386இல் மிலான் நகரில் ஒரு வீட்டுத் தோட்டம். அகஸ்டின் அங்கே தவித்துக்கொண்டிருக்கிறார். கிறிஸ்தவம் உண்மை என்று அறிவு ஒத்துக்கொண்டுவிட்டது. பழைய வாழ்க்கையை விட வேண்டும் என்ற விருப்பமும் இருக்கிறது. ஆனால் விட முடியவில்லை. தலைமுடியைப் பிய்த்துக்கொள்கிறார், நெற்றியில் அடித்துக்கொள்கிறார், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காருகிறார். பின்னால் ஒப்புதல் நூலில் இதை எழுதும்போது ஒரு விசித்திரத்தைக் கவனிக்கிறார். கையை அசை என்று மனம் சொன்னால் கை உடனே அசைகிறது. மனமே, நீ விரும்பு என்று மனம் தனக்குத்தானே சொல்லும்போது மட்டும் அது கேட்பதில்லை. வேறொரு பொருளான உடம்பு கட்டளைக்குப் பணிகிறது, தானேயான மனம் பணிய மறுக்கிறது. ஏன்? முழுமையாக விரும்பவில்லை, அதனால்தான் என்கிறார். பாதி மனம் கேட்கிறது, பாதி மனம் தடுக்கிறது. அந்த நேரத்தில் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குழந்தையின் குரல், எடுத்துப் படி என்று பாட்டுப் போலக் கேட்கிறது. எடுத்துப் படிக்கிறார், ரோமருக்கு எழுதிய நிருபம். சில வரிகள்தான். தடுத்துக்கொண்டிருந்த பாதி விலகிவிடுகிறது.

அகஸ்டினிடம் போய், உங்களைக் கடவுள் கட்டாயப்படுத்தினாரா என்று கேட்டால் சிரித்திருப்பார். அதற்கு முன்புதான் கட்டுண்டு கிடந்தேன் என்றிருப்பார். அவர் அளவில், தோட்டத்தில் அவிழ்ந்தது அவருடைய சித்தத்தின் முடிச்சு. பிற்காலத்தில், 426 அளவில், துறவிகளுக்காக எழுதிய நூலொன்றில், பலவீனமான மனிதச் சித்தத்தைக் கிருபை விலகாமலும் தோற்காமலும் நடத்துகிறது என்ற அளவுக்குப் போனார். பெலாஜியஸுக்கு இந்தப் பேச்சே ஆகாது. கட்டளையைக் கொடு, அதை நிறைவேற்றும் திராணியையும் நீயே கொடு என்கிற பொருளில் அகஸ்டின் எழுதிய ஜெபத்தை ரோமில் ஒருவர் எடுத்துச் சொன்னபோது பெலாஜியஸ் கொதித்துப்போனாராம். அவர் ஒழுக்கசீலர். இப்படிச் சொன்னால் சோம்பேறிக்கு நல்ல சாக்கு கிடைத்துவிடும் என்று பயந்தார். அந்தப் பயம் முட்டாள்தனமானதன்று.

கால்வினியத்தார் இதற்குமேல் ஒரு பாகுபாடு செய்கிறார்கள். அழைப்பு இரண்டு வகை. பிரசங்கத்தின் வழியாக எல்லார் காதிலும் விழுவது ஒன்று, உள்ளத்தைத் திறந்து ஆளை வரவழைப்பது இன்னொன்று. முதலாவதை எதிர்க்கலாம். ஸ்தேவானின் முன் நின்றவர்கள் எதிர்த்தது அதைத்தான். இரண்டாவதற்கு அவர்கள் எப்போதும் காட்டும் ஆள் லீதியாள். பிலிப்பி நகரில் ஆற்றங்கரையில் ஜெபத்துக்குக் கூடியிருந்த பெண்களில் ஒருத்தி, தியத்தீரா ஊரைச் சேர்ந்தவள், விலையுயர்ந்த சாயத்துணி வியாபாரம் செய்கிறவள். பவுலின் பேச்சை அங்கிருந்த எல்லாப் பெண்களும்தான் கேட்டார்கள். லீதியாளின் இருதயத்தை ஆண்டவர் திறந்தார் என்று மட்டும் அப்போஸ்தலர் நடபடிகள் குறிக்கிறது. திறந்தவுடன் அவள் என்ன செய்கிறாள்? கவனித்துக் கேட்கிறாள், ஞானஸ்நானம் பெறுகிறாள், அப்புறம் பவுலையும் கூட்டாளிகளையும் தன் வீட்டில் வந்து தங்கச் சொல்லி விடாப்பிடியாக வற்புறுத்துகிறாள். மரக்கட்டை செய்கிற காரியமா இது? கிருபை வந்த பிறகுதான் அந்த அம்மாளின் சித்தம் முழு வேகத்தில் வேலை செய்கிறது. அந்த வீட்டில் வற்புறுத்தியது லீதியாள்தான்.

சரி, விரும்பவே முடியாதவனை ஏன் குற்றவாளி என்கிறீர்கள்? 1754இல் அமெரிக்காவில் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் சித்த சுதந்திரம் பற்றி எழுதிய நூலில் இதற்கு ஒரு கதை சொல்கிறார். அரசனுக்கு எதிராகக் கலகம் செய்த இரண்டு பேர் சிறையில் இருக்கிறார்கள். ஒருவன் மனம் வருந்தி, அரசனின் காலில் விழத் துடிக்கிறான். ஆனால் சங்கிலியும் வெண்கலக் கதவும் தடுக்கின்றன. அவனைக் கூப்பிட்டுவிட்டு, நீ வரவில்லையே என்று தண்டிப்பது அநியாயம். இன்னொருவனின் சங்கிலியைக் கழற்றிவிட்டார்கள், கதவும் திறந்துகிடக்கிறது, மன்னிப்பும் தயார். அவனுடைய திமிர் அவனை எழுந்திருக்க விடவில்லை. இவனாலும் வர முடியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் இந்த முடியாமையே அவன் குற்றம். மனிதனின் நிலை இரண்டாமவனின் நிலை என்கிறார் எட்வர்ட்ஸ்.

இந்தப் பாகுபாடு புத்தகத்தோடு நிற்கவில்லை. இங்கிலாந்தில் சில பாப்டிஸ்ட் போதகர்கள் கால்வினியத்தை ஒரு முனைக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். வர முடியாதவனை வா என்று கூப்பிடுவது வீண் என்று சொல்லி, மனந்திரும்பாதவர்களுக்குச் சுவிசேஷ அழைப்புக் கொடுப்பதையே விட்டிருந்தார்கள். ஆண்ட்ரூ ஃபுல்லர் 1785இல் எட்வர்ட்ஸின் பாகுபாட்டைக் கையில் எடுத்து இதை உடைத்தார். அவருடைய நண்பர் வில்லியம் கேரி 1792இல் மிஷன் பணியின் கடமை பற்றிச் சிறு நூல் எழுதி, அடுத்த ஆண்டே வங்காளத்தில் வந்து இறங்கினார். கேரியும் கால்வினியர்தான். கிருபையை யாரும் வெல்ல முடியாது என்று நம்பினால் கைகட்டி உட்காருவார்கள் என்று நினைக்கிறோம். அதே நம்பிக்கையோடு கப்பல் ஏறியவர்களும் உண்டு.

இப்போது வழிக்கு வராத விஷயத்துக்கு வருகிறேன். எட்வர்ட்ஸின் கதையில் அரசன் கதவைத் திறந்து வைத்ததோடு நின்றான். கால்வினியத்தின் கடவுளோ அதற்கு மேலும் செய்ய வல்லவர். திமிரையே கரைக்கக்கூடியவர், சிலருக்குக் கரைத்தும் இருக்கிறார். ஏன் எல்லாருக்கும் கரைக்கவில்லை? டோர்ட் தீர்மானங்கள், சுவிசேஷத்தைக் கேட்கிற எல்லாரையும் கடவுள் உண்மையான மனதோடுதான் அழைக்கிறார், பாசாங்கு இல்லை என்று சொல்கின்றன. அதை நான் நம்பத் தயார். ஆனால் ஒருவரை வா என்று உண்மையாகவே கூப்பிட்டுவிட்டு, அவர் வருவதற்கு இன்றியமையாத ஒன்றைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டால், அந்த அழைப்பின் உண்மையை எப்படி விளங்கிக்கொள்வது? இந்தக் கேள்வி கால்வினியத்தாரையே பிளந்திருக்கிறது. 1924இல் அமெரிக்காவில் கலமசூ நகரில் கூடிய கிறிஸ்தவச் சீர்திருத்தச் சபையின் மாமன்றம், கடவுள் மீட்புக்கென்று தெரிந்துகொள்ளாதவர்கள் மேலும் அவருக்கு ஒருவகைத் தயவு உண்டு என்று தீர்மானித்தது. அச்சபையின் போதகர் ஹெர்மன் ஹூக்சமா அதை ஏற்கவில்லை, அவரும் கூட்டத்தாரும் பிரிந்து தனிச் சபை ஆனார்கள். என் கருத்தைக் கேட்டால், ஹூக்சமாவின் பக்கம் தர்க்கம் இருந்தது, மாமன்றத்தின் பக்கம் வேதப் புத்தகம் இருந்தது. எருசலேமைப் பார்த்து, கோழி தன் குஞ்சுகளைச் சேர்ப்பதுபோல் உங்களைச் சேர்க்க எத்தனை தரம் விரும்பினேன், உங்களுக்குத்தான் மனமில்லை என்று இயேசு புலம்பிய இடத்தைத் தர்க்கத்தால் தாண்டிப்போக முடியவில்லை. முடியக்கூடாது என்றும் நினைக்கிறேன்.

நம்மூரில் இதைப் பேசினால் யாராவது ஒருவர் வைணவத்தின் பூனையையும் குரங்கையும் கொண்டுவந்துவிடுவார். ருடால்ஃப் ஓட்டோ என்ற ஜெர்மானிய அறிஞரும் 1930இல் வெளியிட்ட நூலில் கொண்டுவந்தார். தாய்ப்பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போகும், குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம் என்பது தென்கலை. குட்டிக்குரங்கு தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வடகலை. ஒப்புமை உண்டுதான். ஆனால் அங்கே கேள்வி, சீவன் பற்றுவதற்கு ஏதாவது செய்ய வேண்டுமா என்பது. டோர்ட்டின் கேள்வி, கவ்வ வருகிற தாயைப் பிறாண்டுகிற குட்டியை என்ன செய்வது என்பது. தென்கலை ஆசாரியர் பிள்ளை லோகாசாரியாரின் குட்டி பிறாண்டுவதில்லை.

எதிர்த் தரப்பின் மிகப் பெரிய பெயர் ஜான் வெஸ்லி. முன்குறித்தலுக்கு எதிராக அவர் 1739இல் பிரிஸ்டலில் செய்த பிரசங்கம் அவருடைய கால்வினிய நண்பர் ஜார்ஜ் விட்ஃபீல்டோடு பெரிய மனத்தாங்கலைக் கொண்டுவந்தது. ஆனால் அதே வெஸ்லி 1743 ஆகஸ்டில் தம் நாட்குறிப்பில் என்ன எழுதுகிறார் தெரியுமா? விசுவாசத்தைக் கொண்டுவருகிற கிருபை, அந்தக் கணத்தில் எதிர்க்க முடியாததே என்று நம்புகிறேன் என்கிறார். பெரும்பாலான விசுவாசிகளுக்கு அப்படியொரு தருணம் நினைவிருக்கும் என்கிறார். அந்தக் கணத்துக்கு முன்னும் பின்னும் கிருபையை எதிர்க்கலாம், எதிர்த்தும் இருக்கிறார்கள் என்று சேர்த்துக்கொள்கிறார். எதிரிகள் என்று நாம் வரிசைப்படுத்துகிறவர்கள் அனுபவத்தைச் சொல்லும்போது இவ்வளவு நெருங்கி வந்துவிடுகிறார்கள்.

மறுபக்கத்தில் ஸ்பர்ஜன். 19ஆம் நூற்றாண்டுக் கால்வினியப் பிரசங்கிகளில் அவரைவிடப் பெரியவர் இல்லை. அவர் மனந்திரும்பியது 1850 ஜனவரியில், பனி கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோல்செஸ்டர் நகரின் சிறிய மெதடிஸ்ட் ஆலயத்தில். வெஸ்லியின் வழி வந்த ஆலயம்! அவர் கால்வினியர் ஆனது பிரசங்கம் கேட்டு அன்று. ஒரு வாரநாள் மாலை, ஆலயத்தில் போதகர் பேசிக்கொண்டிருக்கும்போது இவர் கவனம் வேறெங்கோ போயிருந்ததாம். நீ எப்படிக் கிறிஸ்தவன் ஆனாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். ஆண்டவரைத் தேடினேன். ஏன் தேடினாய்? ஜெபித்தேன். ஜெபிக்கத் தோன்றியது எப்படி? வேதம் வாசித்தேன். வாசிக்கத் தூண்டியது யார்? இப்படியே போய்க் கடைசியில் எல்லாவற்றுக்கும் அடியில் கடவுள் இருப்பதைக் கண்டாராம். இதில் கவனிக்க வேண்டியது அவர் பின்னோக்கிப் பார்த்தே இந்தக் கோட்பாட்டுக்கு வந்து சேர்ந்தார் என்பது. நம் சபைகளில் சாட்சி சொல்கிறவர்களையும் கேட்டிருப்பீர்கள். 'நான் ஆண்டவரை ஏற்றுக்கொண்டேன்' என்று தொடங்குவார்கள், கண்ணீர் வந்தவுடன் 'அவர்தான் என்னைத் தேடி வந்தார், நான் ஓடி ஓடி ஒளிந்தேன்' என்று முடிப்பார்கள். இந்தக் கோட்பாட்டை நன்றி சொல்கிறவரின் வாயில் கேட்டால் ஒரு மாதிரி இருக்கும், இன்னும் வெளியே நிற்கிறவரைச் சுட்டிச் சொன்னால் வேறு மாதிரி ஆகிவிடும்.

இரண்டையும் ஒரே ஊரில் காட்ட முடியும். ஓல்னி, இங்கிலாந்தில் ஒரு சிற்றூர். அங்கே 1764 முதல் போதகராக இருந்தவர் ஜான் நியூட்டன், உறுதியான கால்வினியர். 1748இல் கடும் புயலில் சிக்கிய கப்பலில் கடவுளைக் கூப்பிட்டவர். எதிர்க்க முடியாத கிருபை என்றதும் ஒரே அடியில் ஆள் மாறிவிடுவதாக நினைக்கிறோம். நியூட்டன் அந்தப் புயலுக்குப் பிறகுதான் அடிமைக் கப்பல்களுக்குத் தலைவராகப் போனார். 1754 வரை மனிதரைச் சங்கிலியிட்டு ஏற்றி இறக்கினார். உடல்நலக் குறைவால்தான் கடலை விட்டார், மனச்சாட்சியால் அன்று. அந்த வியாபாரத்துக்கு எதிராக அவர் வெளிப்படையாக நூல் எழுதியது 1788இல். புயலுக்கும் நூலுக்கும் இடையே 40 ஆண்டுகள். கிருபை பெற்ற மனிதன் கிருபையை எவ்வளவு காலம் எதிர்க்க முடியும் என்பதற்கு நியூட்டனே சாட்சி, அவரும் அதை வெட்கத்தோடு ஒத்துக்கொண்டார்.

அதே ஓல்னியில் அவருடைய நெருங்கிய நண்பர் கவிஞர் வில்லியம் கவுப்பர். இருவரும் சேர்ந்து எழுதிய ஓல்னிப் பாடல்கள் 1779இல் அச்சாயின. 1773ஆம் ஆண்டுப் புத்தாண்டு ஆராதனைக்காக நியூட்டன் எழுதிய பாடல்தான் இன்று உலகம் முழுவதும் பாடுகிற 'அமேசிங் கிரேஸ்'. அதே ஜனவரியில் கவுப்பருக்கு முன்பு வந்திருந்த மனநோய் திரும்பியது. அடுத்த மாதம் ஒரு கனவு. உன் கதை முடிந்தது, நீ அழிந்தாய் என்று தனக்குத் தீர்ப்புச் சொல்லப்பட்டதாகக் கண்டார். அந்தத் தீர்ப்பை அவர் சாகும்வரை நம்பினார். ஆலயத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். கவிதை எழுதினார், முயல் வளர்த்தார், நண்பர்களுக்கு நகைச்சுவையாகக் கடிதம் எழுதினார். கிருபை மற்ற எல்லாருக்கும் உண்டு, தனக்கு மட்டும் இல்லை என்பதில் மாறவே இல்லை. 27 ஆண்டுகள்.

கால்வினியம்தான் அவரை இப்படி ஆக்கியது என்று சொல்பவர்கள் உண்டு. அவருடைய நோய் அவர் கால்வினியரைச் சந்திப்பதற்கு முன்பே வந்தது. கோட்பாடு அந்த நோய்க்கு ஒரு மொழியைக் கொடுத்தது, அவ்வளவு சொல்லலாம். டோர்ட் தீர்மானங்களில் இப்படிப்பட்டவருக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. விசுவாசத்தின் உறுதியைத் தம்முள் இன்னும் உணராதவர்கள், தள்ளப்பட்டவர்கள் என்ற பேச்சைக் கேட்டு அஞ்ச வேண்டாம், தங்களை அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும் வேண்டாம் என்கிறது. கவுப்பரிடம் இது எடுபடவில்லை. அவர் தமக்கென்று தனியாக ஒரு தீர்ப்பு வந்ததாக நம்பினார், பொதுவான ஆறுதல் அங்கே நுழைய வழியில்லை.

நியூட்டன் அந்தத் தீர்ப்பை ஒருநாளும் ஒத்துக்கொள்ளவில்லை. 1800இல் கவுப்பர் இறந்தபோது, தம் நண்பர் கடவுளிடம் போய்ச் சேர்ந்தார் என்ற உறுதியோடுதான் நினைவுப் பிரசங்கம் செய்தார். 27 ஆண்டுகள் ஒருவர் எனக்குக் கிருபை இல்லை என்று சொல்லிக்கொண்டே செத்திருக்கிறார். அவர் சொன்னதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று நியூட்டன் எப்படி முடிவு செய்தார்? அவருடைய இறையியலில் மனிதனின் 'இல்லை' கடைசி வார்த்தையன்று. கடவுள் பிடித்த ஒருவரை, அந்த ஒருவருடைய மறுப்பாலேயே கடவுளின் கையிலிருந்து விடுவிக்க முடியாது. வெளியிலிருந்து பார்க்கும்போது இரக்கமற்றதாகத் தெரிகிற அதே கோட்பாடு, இங்கே இரக்கத்துக்கு இடம் கொடுத்தது.

இதற்கு வெஸ்லியின் வழிவந்தவர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். கவுப்பரின் 'இல்லை' நோயாளியின் புலம்பல், அது கிருபைக்கான எதிர்ப்பே அன்று, அதை மன்னிக்கக் கால்வினியம் தேவையில்லை, கடவுளின் சாதாரண நீதியே போதும் என்பார்கள். வலுவான பதில்தான். எது நோய், எது எதிர்ப்பு என்று கவுப்பரைப் பொறுத்தவரை ஓரளவு சொல்லிவிடலாம். மற்றவர்களைப் பற்றி நாம் அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியுமா என்று நான் திருப்பிக் கேட்பேன். அதற்கு அவர்கள், அதே கேள்வியை நீங்கள் தெரிந்துகொள்ளப்பட்டவர் யார் என்பதற்கும் கேட்டுக்கொள்ளுங்கள் என்பார்கள். உங்களில் சிலர் ஏற்கெனவே கை தூக்கிவிட்டீர்கள். கேளுங்கள்.